வெறும் ரைடுக்குக் கணக்கு வைக்கலாமா?

கடிலம்கரை (தொடங்கியவர்)

காணும் பொங்கல் அன்று எங்கள் ஊரில் நடந்த கபடி அரையிறுதியை இந்தக் குழுவில் பாதிப் பேராவது பார்த்திருப்பீர்கள். ஆட்டம் முடிய ஆறு நிமிடம். ஒரு அணி இரண்டு பாயின்ட் முன்னால் இருந்தது. அதற்கப்புறம் அந்த அணியின் ரைடர் (எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவர்) செய்தது ஒன்றே ஒன்றுதான். நடுக்கோட்டைத் தாண்டுவார், பாக் லைனுக்கு (ரைடர் தாண்டியே ஆக வேண்டிய கோடு) அந்தப் பக்கம் ஒரு காலை ஊன்றுவார், அங்கேயே நின்று முப்பது வினாடியும் பாடிவிட்டுத் திரும்புவார். நான் ஸ்கோர் மேசையில் இருந்தேன். எழுத எதுவும் இல்லாததால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தேன். சவுக்குக் கழி கட்டிய வேலியோரம் மூன்று வரிசையாக நின்ற ஜனம் ஒரே வரிசையாகியிருந்தது. மைக்கில் பேசுகிறவர் "யாரும் நகர வேண்டாம், முக்கியமான கட்டம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஜனம் பஜ்ஜிக் கடைப் பக்கம் போய்விட்டது.

அடுத்த வருடம் புரோ கபடியில் இருப்பதுபோல டூ ஆர் டை ரைடைக் கொண்டுவரலாம் என்று கமிட்டியில் சொன்னேன். தெரியாதவர்களுக்கு: ஒரு அணி அடுத்தடுத்து இரண்டு ரைடில் பாயின்ட் எடுக்காமலும் பிடிபடாமலும் திரும்பினால் (இதுதான் வெறும் ரைடு), மூன்றாவது ரைடில் பாயின்ட் எடுத்தே ஆக வேண்டும். எடுக்காமல் திரும்பினால் ரைடர் அவுட். கூடவே சூப்பர் டேக்கிளும் வேண்டும் என்றேன். கோட்டுக்குள் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது ரைடரைப் பிடித்தால் ஒரு பாயின்ட்டுக்குப் பதில் இரண்டு.

கூடைப்பந்துக்கும் ஒரு காலத்தில் இதே நோய் வந்தது. 1950 நவம்பரில் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் ஒரு ஆட்டம் 19-18 என்று முடிந்தது. லேக்கர்ஸ் அணியில் ஜார்ஜ் மைக்கன் என்ற நெட்டைக்காரர் இருந்தார். அவருக்குப் பயந்து எதிரணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நேரத்தைக் கழித்தது. 1954-இல் சைரக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயசோன் ஒரு கணக்குப் போட்டார். நல்ல ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து ஏறக்குறைய 120 முறை கூடையை நோக்கி எறிகின்றன. ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2880 வினாடி. வகுத்தால் 24. பந்து கைக்கு வந்தால் 24 வினாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்று விதி வைத்தார்கள். ஒரு அணியின் சராசரி ஸ்கோர் ஒரே சீசனில் 79 சொச்சத்திலிருந்து 93-க்கு ஏறியது. வீரர்கள் அதே வீரர்கள்தான், கூடையும் அதே உயரம்தான்.

நம் மண் ஆட்டத்துக்கும் இது வேண்டும் என்பது என் கருத்து. எதிர்ப்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

பழைய ரைடர், பண்ருட்டி

தம்பி, நீங்கள் ஸ்கோர் மேசையிலிருந்து பார்த்தீர்கள். நான் பதினெட்டு வருடம் கோட்டுக்குள்ளிருந்து பார்த்தவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வெறும் ரைடு என்று நீங்கள் சொல்வது எங்களுக்கு நாடி பார்க்கிற ரைடு. இடது கார்னரில் நிற்கிறவன் எந்தக் காலை முன்னால் வைக்கிறான்? நான் வலப்பக்கம் சாய்ந்தால் அவன் குதிகால் மண்ணைவிட்டு எழுகிறதா? கவரில் நிற்கிறவனும் அவனும் கோத்த கையை எந்த இடத்தில் விடுகிறார்கள்? இதையெல்லாம் மூன்று ரைடு, நாலு ரைடு பாடிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். அப்புறம் ஐந்தாவது ரைடில் போய், அந்தக் குதிகால் எழுகிற நொடியில் கால் நீட்டித் தொட்டு வருவேன். கூட்டம் அந்த ஐந்தாவது ரைடுக்குக் கை தட்டும். முந்தின நாலும் இல்லாமல் அது வராது.

இன்னொன்று. டி.வி.யில் நீங்களும் பார்க்கிறீர்கள் அல்லவா? டூ ஆர் டை வந்தபிறகு முதல் இரண்டு ரைடும் என்ன ஆயின? போவார், நிற்பார், வருவார். எதிரணியும் அதையே செய்யும். நாலு ரைடு அப்படியே போகும். அப்புறம் ஆளுக்கொரு மூன்றாவது ரைடு. வெறும் ரைடை ஒழிக்க வந்த விதி, மூன்றில் இரண்டை வெறும் ரைடாக்கி, அதற்கு ஒரு மரியாதையும் கொடுத்துவிட்டது.

கடைசி ஆறு நிமிடம் முன்னால் இருந்தவர்கள் நின்றார்கள் என்று உங்களுக்குக் கோபம். அந்த இரண்டு பாயின்ட்டை அவர்கள் முந்தின முப்பத்து நாலு நிமிடத்தில் மண்ணில் உருண்டு வாங்கினார்கள். அதைக் காப்பாற்றுவதும் ஆட்டம்தான். பின்னால் இருக்கிற அணிக்கும் ரைடு வருகிறதே, அவர்கள் போய் எடுக்கட்டும்.

ஹாக்கியில் என்ன நடந்தது என்று யோசியுங்கள். 1975-இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பை ஜெயித்தோம். அடுத்த வருடம் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் புல்லை எடுத்துவிட்டுச் செயற்கைத் தளம் போட்டார்கள். நமக்கு ஏழாவது இடம். வேகம் வந்தது, பார்க்க விறுவிறுப்பு என்றார்கள். புல்தரையில் பந்தைக் கட்டையோடு ஒட்டவைத்து வளைந்து வளைந்து போகிற நம் ஆட்டத்துக்கு இடம் குறைந்தது. பார்க்கிறவனுக்காக விதியை மாற்றும்போது ஆடுகிறவன் கையிலிருந்து எது போகிறது என்று முதலில் கேளுங்கள்.

உப்பளம் பத்து

அண்ணே, ஹாக்கி விஷயத்தில் ஒன்று. 1980 மாஸ்கோவிலும் செயற்கைத் தளம்தான். நம் பாஸ்கரன் கேப்டனாக இருந்து தங்கம் வாங்கிவந்தார். பல நாடுகள் அந்த ஒலிம்பிக்குக்கு வரவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் எல்லாப் பழியையும் தளத்தின்மேல் போட முடியாது. அந்தத் தளத்தை நம் பிள்ளைகளுக்குப் போட்டுக்கொடுக்க நமக்கு எத்தனை வருடம் ஆனது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

நான் புதுச்சேரி, ஃபுட்பால் ஆள். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். 1990 உலகக் கோப்பையை எங்கள் தெருவே ஒரு வீட்டில் உட்கார்ந்து பார்த்தது. 52 ஆட்டத்தில் 115 கோல். ஆட்டத்துக்குச் சராசரி 2.21, உலகக் கோப்பையிலேயே குறைவு. ஒரு கோல் போட்ட அணி அப்புறம் என்ன செய்யும் தெரியுமா? டிஃபெண்டர் பந்தைத் திருப்பிக் கோல்கீப்பருக்குத் தள்ளுவார். கோல்கீப்பர் கையில் எடுத்துக்கொள்வார். கொஞ்சம் நடப்பார். டிஃபெண்டருக்கு உருட்டுவார். எதிரணி ஃபார்வர்டு நெருங்கினால் மறுபடியும் கோல்கீப்பர் கைக்கு. நீங்கள் சொன்ன அரையிறுதி அப்படியே.

1992-இல் விதியை மாற்றினார்கள். தன் அணிக்காரர் வேண்டுமென்றே காலால் தள்ளிய பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது. ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியால் கோல்கீப்பர்கள் காலால் ஆடக் கற்றுக்கொண்டார்கள். பின்னாலிருந்து பந்தைக் கட்டி எடுத்துவருகிற இன்றைய ஆட்டமே அதிலிருந்து பிறந்தது. எங்கள் மைதானத்தில் பத்து வயதுக் கோல்கீப்பர் பையன் இரண்டு காலாலும் பாஸ் கொடுக்கிறான். 1990-இல் இருந்திருந்தால் அவனுக்கு அந்தத் தேவையே வந்திருக்காது. ஆடுகிறவன் கையிலிருந்து எது போகிறது என்று கேட்டீர்கள். இங்கே ஒரு ஒளிந்துகொள்ளும் இடம் போயிற்று, ஒரு புது வித்தை வந்தது.

அதனால் டூ ஆர் டைக்கு என் ஓட்டு. சூப்பர் டேக்கிள் எனக்குப் பிடிக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

நீலச்சட்டை லிபரோ

வணக்கம். நான் வாலிபால் ஆடியவள். இப்போது புதுச்சேரியில் இருக்கிறேன், பிறந்தது தேவனாம்பட்டினம்.

என் அப்பா காலத்து வாலிபாலில் சர்வீஸ் போட்ட அணிதான் பாயின்ட் எடுக்க முடியும். எதிரணி ஜெயித்தால் அதற்கு சர்வீஸ் மட்டும் போகும், ஸ்கோர் அசையாது. கடற்கரையில் இரண்டு சவுக்குக் கம்பில் நெட் கட்டி, ஹாலஜன் விளக்குப் போட்டு ராத்திரி ஆட்டம் நடக்கும். ஸ்கோர் எழுதுகிறவர் கையில் சிலேட்டு. 13-13 என்று எழுதிவிட்டு அரை மணி நேரம் சிலேட்டைத் தொடவே மாட்டார். வெளியூர் அணிகள் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்துக் காலையில் போயிருக்கிறார்கள். 1990-களின் கடைசியில் ராலி பாயின்ட் வந்தது. யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு ராலிக்கும் ஒரு பாயின்ட். சிட்னி 2000 ஒலிம்பிக்கே அப்படித்தான் நடந்தது. எத்தனை மணிக்கு முடியும் என்று ஓரளவு சொல்ல முடிந்ததால்தான் ராத்திரி ஆட்டத்துக்குப் பெண்களும் குழந்தைகளோடு வந்து உட்கார ஆரம்பித்தார்கள். இது நான் கண்ணால் பார்த்தது.

அதோடு வந்த இன்னொரு விதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதுதான் லிபரோ. பின்வரிசையில் மட்டும் ஆடுகிற ஆள். பிளாக் பண்ணக் கூடாது, நெட் உயரத்துக்கு மேலே அடிக்கக் கூடாது, சட்டை நிறம் மற்றவர்களிலிருந்து வேறாக இருக்க வேண்டும். என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். கல்லூரி அணித் தேர்வில் என்னை வரிசையில் நிற்கக்கூடச் சொல்லவில்லை. லிபரோ விதி வந்த பிறகு அதே பயிற்சியாளர் கூப்பிட்டு, "நீ எடுக்கிற பந்தை இங்கே யாரும் எடுப்பதில்லை" என்றார். அணியில் மஞ்சள் சட்டை, எனக்கு வேறு நிறம் வாங்கக் காசு ஒதுக்கவில்லை. அண்ணனின் நீல நிற டீ-ஷர்ட்டில் முதுகுக்கு வெள்ளைத் துணி வெட்டி 6 என்று தைத்துக்கொண்டு போனேன். ஸ்மாஷ் தரையில் விழப்போகிற கடைசி நொடியில் ஒரு கை உள்ளே நுழைந்து பந்தை எழுப்பும்போது கூட்டம் போடுகிற சத்தம், ஸ்மாஷுக்குப் போடுகிற சத்தத்தைவிடப் பெரியது. அந்த விதி இல்லாவிட்டால் அந்தக் கை வெளியே உட்கார்ந்திருக்கும்.

பண்ருட்டி அண்ணன் சொன்ன கேள்வி சரியான கேள்வி. எது போகிறது என்று கேட்பதோடு யார் உள்ளே வருகிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

சில்வர்பீச் சுழல்

அக்கா சொன்னதை அப்படியே திருப்பிப் போட்டால் என் கதை. நான் கிரிக்கெட். ஆஃப் ஸ்பின் போடுவேன், ஏழாவதாக இறங்குவேன். ஐ.பி.எல்.லில் 2023-இல் இம்பாக்ட் பிளேயர் வந்தது. ஆட்டம் நடக்கும்போதே ஒருவரை எடுத்துவிட்டு இன்னொருவரைப் போடலாம். அணிகள் என்ன செய்கின்றன? பேட்டிங்கின்போது ஒரு முழு பேட்ஸ்மேன், பௌலிங்கின்போது அவருக்குப் பதில் ஒரு முழு பௌலர். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்த என்னைப் போன்றவர்களுக்கு இடம் எங்கே? ரோஹித் சர்மாவே 2024-இல், தனக்கு இந்த விதி அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஆல்ரவுண்டர்கள் வளராமல் போகிறார்கள் என்று சொன்னார். நம் வாஷிங்டன் சுந்தர் பெயரைச் சொல்லித்தான் சொன்னார். டி.வி.யில் பார்த்துவிட்டு இங்கே லீக் ஆட்டங்களிலும் அதே விதியை வைத்தார்கள். போன சீசனில் எனக்கு நாலு ஆட்டத்தில் மொத்தம் இரண்டு ஓவர்.

பார்க்கிறவர்களுக்காவது விறுவிறுப்பு கூடியதா? 2024 ஏப்ரல் 15, பெங்களூரு. ஹைதராபாத் 287, பெங்களூரு 262. ஒரே ஆட்டத்தில் 549 ரன், 38 சிக்ஸர். அந்த 38-இல் எத்தனை சிக்ஸர் உங்களுக்கு நினைவிருக்கிறது? 2013-இல் கெய்ல் 175 அடித்து பெங்களூரு 263 எடுத்ததே, அது பதினொரு வருடம் யாரும் தொடாமல் நின்ற கணக்கு. 2024-இல் மூன்றே வாரத்தில் அது தரைமட்டமானது. எல்லா மேடும் மலையானால் மலை எது?

ஒரு நாள் ஆட்டத்திலும் இதே தவறு நடந்தது. 2011-இலிருந்து இரண்டு பக்கமும் இரண்டு புதுப் பந்து. பந்து பழசாகவே இல்லை. கடைசிப் பத்து ஓவரில், பழைய பந்து எதிர்ப்பக்கம் வளைகிற ரிவர்ஸ் ஸ்விங் காணாமல் போனது. அதைச் சரிசெய்ய 2025 வரை ஆனது. இப்போது 34 ஓவருக்கு மேல் ஒரே பந்துதான். பதினான்கு வருடம் ஒரு கலையைப் பசங்கள் டி.வி.யில் பார்க்காமலே வளர்ந்தார்கள். விதியை மாற்றுவது சுலபம், திருப்பி வாங்குவதற்குத்தான் வருடக்கணக்கு ஆகிறது.

கடிலம்கரை

தம்பி சொன்ன இம்பாக்ட் விஷயத்தில் நான் உன் பக்கம்தான். அதை வைத்து எல்லா மாற்றத்தையும் எதிர்க்க வேண்டாம்.

பழைய ரைடர் அண்ணனுக்கு: நாடி பார்க்கிற ரைடு இருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். இரண்டு ரைடில் பார்க்க முடியாதா? அந்த முப்பது வினாடியே பிற்காலத்தில் வந்ததுதானே. உங்கள் அப்பா சடுகுடு ஆடியபோது அவருக்கு மூச்சுதான் கடிகாரம். மூச்சு நிற்கிறவரை பாடலாம். அதை வினாடியாக மாற்றியபோதும் யாராவது இது சடுகுடுவே இல்லை என்று சொல்லியிருப்பார்கள். ஆட்டம் சாகவில்லை.

உப்பளம் பத்து, சூப்பர் டேக்கிள் ஏன் பிடிக்கவில்லை?

உப்பளம் பத்து

ஏனென்றால் அது பாயின்ட்டின் விலையை மாற்றுகிறது. ஒளிந்துகொள்ளும் இடத்தை மூடுகிற விதி வேறு, ஒரே செயலுக்கு நேரத்தைப் பொறுத்து விலை வைக்கிற விதி வேறு. இரண்டாவது வகை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு ஆட்டம் இருக்கிறது.

1994, கரீபியன் கோப்பைத் தகுதிச் சுற்று. பார்படாஸ், கிரெனடா. பார்படாஸ் இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால்தான் அடுத்த சுற்று. அந்தப் போட்டியில் ஒரு புது விதி: கூடுதல் நேரத்தில் முதலில் விழுந்து ஆட்டத்தையே முடித்துவிடுகிற தங்கக் கோலுக்கு இரண்டு கோல் மதிப்பு. பார்படாஸ் 2-0 என்று முன்னால் இருந்தது. 83-ஆம் நிமிடம் கிரெனடா ஒன்று போட்டு 2-1 ஆனது. இன்னொரு கோல் போட நேரம் குறைவு. பார்படாஸ் வீரர்களுக்கு ஒன்று உறைத்தது. சமன் செய்துவிட்டால் கூடுதல் நேரம் வரும், அங்கே ஒரு கோல் போட்டால் இரண்டாகிவிடும். தங்கள் வலைக்குள் தாங்களே பந்தை அடித்தார்கள். 2-2. கிரெனடாவுக்கு விஷயம் புரிந்தது. ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றாலும் அவர்களுக்குப் போதும், ஜெயித்தாலும் போதும். இரண்டு பக்க வலையில் எதில் போட்டாலும் சரி. கடைசி நிமிடங்களில் பார்படாஸ் தன் வலையையும் காத்தது, எதிரி வலையையும் காத்தது. அப்புறம் கூடுதல் நேரத்தில் கோல் போட்டு 4-2 என்று ஜெயித்தது. விறுவிறுப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அதை ஃபுட்பால் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சூப்பர் டேக்கிள் அந்த அளவுக்குப் போகாது என்பது தெரியும். இருந்தாலும் எதிரில் மூன்று பேர் மட்டும் நிற்கும்போது ரைடர் பயந்து தள்ளி நின்றே திரும்புவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் ஒரு வெறும் ரைடு பிறக்கிறது.

கடிலம்கரை

அந்த இடத்தில்தான் டூ ஆர் டை வந்து அவரை உள்ளே தள்ளும். இரண்டும் சேர்ந்தால்தான் சரியாக வரும். ஏழு பேருக்கு எதிரே மூன்று பேர் மிஞ்சிய அணி பழைய முறையில் ஆல் அவுட்டுக்குக் காத்திருக்கும், கூட்டம் எழுந்துபோகும். இரண்டு பாயின்ட் ஆசை இருந்தால் அந்த மூன்று பேரும் பாய்வார்கள். மீண்டுவர ஒரு வழி கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

முத்தியால்பேட்டை டிராப் ஷாட்

நான் டென்னிஸ். பழைய ரைடர் பக்கம் நிற்கிறேன். 2010 விம்பிள்டனில் இஸ்னரும் மஹுவும் மூன்று நாள் ஆடினார்கள். 11 மணி 5 நிமிடம். கடைசி செட் 70-68. அந்தக் கோர்ட்டுக்கு வெளியே இன்றைக்கும் அதற்கு ஒரு பலகை இருக்கிறது. இப்போது நான்கு பெரிய போட்டிகளிலும் கடைசி செட் 6-6 ஆனால் பத்துப் பாயின்ட் டை-பிரேக். இனி யாரும் 70-68 பார்க்கப்போவதில்லை. எப்போது முடியும் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. விதி போட்டு அதை எடுத்துவிட்டார்கள்.

நீலச்சட்டை லிபரோ

இஸ்னர் அடுத்த ஆட்டத்தில் 6-0, 6-3, 6-2 என்று தோற்றார். நேர் செட்டில். கையைத் தூக்கவே தெம்பில்லாமல் இருந்தார். நமக்குச் சுகம், அவருக்குப் போட்டியே முடிந்துபோனது. அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் தம்பி.

விசில் வாத்தியார்

உடற்கல்வி ஆசிரியர் நான், கபடிக்கு நடுவராகவும் நிற்கிறேன். இருதரப்பும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். விதி நல்லதா கெட்டதா என்பது அப்புறம். களத்தில் நிற்கிற எல்லாரும் ஒரே விதியைத்தான் மனதில் வைத்து ஆடுகிறார்களா என்பது முதல் கேள்வி.

ஹாங்சோ ஆசிய விளையாட்டு ஆண்கள் கபடி இறுதி, 2023 அக்டோபர் 7. இந்தியாவும் ஈரானும் 28-28. முடிய ஒரு நிமிடம் சொச்சம். பவன் ஷெராவத் டூ ஆர் டை ரைடு போனார். யாரையும் தொடாமலே லாபிக்குள் (யாரையாவது தொட்ட பிறகுதான் கால் வைக்கலாம் என்ற ஓரப் பட்டை) கால் வைத்துவிட்டார். அவரைத் துரத்தி ஈரான் ஆட்களும் லாபிக்குள் வந்துவிட்டார்கள். பழைய விதிப்படி பின்னால் வந்தவர்களும் அவுட். புது விதிப்படி ரைடர் மட்டும் அவுட், ஆட்டம் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். எந்த விதி? நடுவர்கள் ஒன்று சொன்னார்கள், பிறகு மாற்றினார்கள், மறுபடியும் மாற்றினார்கள். வீரர்கள் பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் இந்தியாவுக்கு மூன்று, ஈரானுக்கு ஒன்று என்று கொடுத்து 31-29 ஆனது, ஆட்டம் முடியும்போது 33-29 என்று தங்கம் நமக்கு வந்தது. நம் அணி ஜெயித்தது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அன்றைக்கு ஒரு நடுவனாக டி.வி. முன்னால் உட்கார முடியாமல் எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன். ஆசியாவிலேயே பெரிய கபடி மேடையில், ஆட்டத்தின் உச்சத்தில், என்ன விதி என்று தெரியவில்லை.

அங்கே கேமரா இருந்தது, பாயில் நிறம் பிரித்த லாபி இருந்தது. நம் ஊரில் சுண்ணாம்புத் தூள் கோடு. மூன்றாவது ஆட்டத்துக்குள் பாதி அழிந்துவிடும். லாபியில் கால் பட்டதா இல்லையா என்பதை நானும் லைனில் நிற்கிற பையனும் முழங்காலில் குனிந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அதோடு யாருக்கு எத்தனையாவது வெறும் ரைடு என்பதையும் நானே மனதில் எண்ண வேண்டுமா? ஒரு எண்ணிக்கை தவறினால் கைகலப்பு என் மேல் வரும். போன வருடம் ஒரு ஊரில் போனஸ் பாயின்ட் கொடுக்க மறுத்ததற்கே சட்டையைப் பிடித்தார்கள்.

விதியைக் கொண்டுவாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணுவதற்குத் தனி ஆள் வேண்டும். எல்லார் கண்ணிலும் படுகிற அடையாளம் வேண்டும். அணிகள் பேர் கொடுக்கும் அன்றே விதி எழுதிய தாள் கையில் போய்ச் சேர வேண்டும்.

பழைய ரைடர், பண்ருட்டி

வாத்தியார் சொன்னது முழுக்கச் சரி. அந்தச் செல்வி சொன்ன நீலச் சட்டைக் கதையை என் மகளிடம் படித்துக்காட்டினேன். விதி மாறி ஒரு ஆளை உள்ளே கொண்டுவரும் என்பதை நான் யோசித்ததில்லை. எழுதியதற்கு நன்றி அம்மா.

ஆனாலும் மூன்றாவது ரைடு விதியை முழு ஆட்டத்துக்கும் ஒத்துக்கொள்ள என்னால் முடியாது. மண்ணில் ஆடுவது பாயில் ஆடுவதுபோல அல்ல. மண்ணில் கால் புதையும், வேகம் குறையும், வெயில் வேறு. கிராமத்து அணியில் தேர்ந்த ரைடர் ஒருவனோ இருவரோதான் இருப்பார்கள். மூன்றாவது ரைடு என்றாலே அவனைத்தான் அனுப்புவார்கள். புரோ கபடியில் ஒரு அணிக்குப் பெஞ்சிலும் ரைடர் இருக்கிறான், பிசியோ இருக்கிறார். இங்கே அந்தப் பையன் மறுநாள் கரும்பு வெட்டப் போக வேண்டும். நெல்லிக்குப்பம் பக்கத்துப் பசங்கள் அப்படித்தான் வருகிறார்கள்.

ஒரு யோசனை. இரண்டாம் பாதியின் கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும் வையுங்கள். உங்கள் கோபமே கடைசி ஆறு நிமிடத்தைப் பற்றித்தானே. முதல் முப்பது நிமிடம் எங்களைப் பாட விடுங்கள்.

உப்பளம் பத்து

அண்ணே, கரும்பு வெட்டப் போகிற பையனைப் பற்றிச் சொன்னது உறைத்தது. நான் தொழில்முறை ஆட்டத்தை வைத்தே பேசிக்கொண்டிருந்தேன். கடைசிப் பத்து நிமிடம் எனக்குச் சம்மதம். ஒரே கேள்வி: அந்தப் பத்து நிமிடம் தொடங்கும் முன்பே முன்னால் போய்விட வேண்டும் என்று முதல் பாதியிலேயே வேகம் கூடுமா, அல்லது எல்லாரும் பத்து நிமிடத்துக்காகத் தூங்குவார்களா? ஆடிப் பார்க்காமல் தெரியாது.

சில்வர்பீச் சுழல்

ஆடிப் பாருங்கள், ஆனால் ஒரு வருடத்துக்கு என்று எழுதி வையுங்கள். சரியில்லை என்றால் அடுத்த பொங்கலுக்குத் தானாகவே விதி போய்விட வேண்டும். ஃபுட்பாலில் தங்கக் கோலை அப்படித்தான் விட்டார்கள் என்று படித்தேன். 1996 யூரோ இறுதியையே அதை வைத்து முடித்தார்கள், 2004-இல் கைவிட்டார்கள். எட்டு வருடத்தில் திரும்பிப் பார்க்கத் தைரியம் இருந்ததே.

கடிலம்கரை

கமிட்டியில் பேசிவிட்டு வருகிறேன். நேற்று ராத்திரியே இதை எழுதியிருக்க வேண்டும், மின்சாரம் இல்லை.

முடிவு இது. பொங்கலுக்கு முன் இரண்டு சோதனை ஆட்டம். முதல் ஆட்டத்தில் முழு நேரமும் டூ ஆர் டை. இரண்டாவதில் கடைசிப் பத்து நிமிடம் மட்டும், பண்ருட்டி அண்ணன் சொன்னபடி. சூப்பர் டேக்கிள் இரண்டிலும் இருக்கும். உப்பளம் பத்து வந்து பார்த்துவிட்டு அப்புறமும் வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறோம். இரண்டு ஆட்டத்திலும் எத்தனை வெறும் ரைடு வந்தது என்று நான் எழுதி இங்கே போடுகிறேன். முதல் இரண்டு ரைடு செத்துவிடும் என்று அண்ணன் சொன்னது உண்மையா என்று அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

வாத்தியார் கேட்ட அடையாளம்: நடுக்கோட்டுக்கு நேராக வெளியே, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு மூங்கில். ஒரு வெறும் ரைடுக்கு ஒரு மஞ்சள் துணி ஏறும். இரண்டாவதுக்கு அதன் கீழே சிவப்பு. ரைடர் நடுக்கோட்டைத் தாண்டும்போதே கூட்டத்துக்குத் தெரியும், எதிரணிக்கும் தெரியும். பாயின்ட் வந்தாலோ ஆள் பிடிபட்டாலோ துணி இறங்கும். துணி ஏற்றுகிறவரை நடுவர் மட்டும்தான் கேள்வி கேட்கலாம்.

பழைய ரைடர், பண்ருட்டி

துணி ஏற்ற நான் வருகிறேன். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒருவனே எண்ணுவதுதான் நல்லது. என் எண்ணிக்கையை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் மூன்றாவது ரைடுக்கு அந்தப் பையன் தயங்கி நின்றால் நான் ஓரத்திலிருந்து அவனுக்கு எதுவும் சொல்லிக்கொடுத்துவிடக் கூடாது, அதை வாத்தியார் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விசில் வாத்தியார்

பார்த்துக்கொள்கிறேன். சுண்ணாம்பு ஒரு மூட்டை கூடுதலாக வாங்கி வையுங்கள், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் லாபிக் கோட்டைப் புதிதாகப் போட வேண்டும். விதித் தாளை ஆட்டத்துக்கு முன் மைக்கில் ஒரு முறை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளை நானே எழுதித் தருகிறேன்.